பரணைக் காலி செய்யும் முன்...

மார்கழி கடைசியில் கடைக்கு வெள்ளையடிப்பதும், வீட்டுப் பரணில் கிடப்பதைக் கீழே இறக்குவதும் நம் வணிகக் குடும்பங்களில் இன்றும் மாறாத வழக்கம். ஆனால் கடையில் தேங்கிய சரக்கைக் கழிப்பதில் நமக்கு இருக்கும் கண்டிப்பு வீட்டில் இருப்பதில்லை. மூன்று மாதமாக நகராத பிஸ்கட் பெட்டியை ஏஜெண்டிடம் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மறுவேலை பார்ப்போம். வீட்டிலோ விரிசல் விட்ட மிக்சி ஜாரைக்கூட, என்றைக்காவது உதவும் என்று பத்து ஆண்டுகள் பாதுகாப்போம். பரண் என்பது விற்பனையே இல்லாத ஒரு கிடங்கு. அதைக் காலி செய்ய வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது. எப்படிக் காலி செய்வது என்பதில்தான் நாங்கள் பட்டதை நண்பர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டுப் பரணை இறக்கினோம். பித்தளைப் பாத்திரங்கள், பழைய எடைக்கற்கள், ஓடாத மேசை விசிறி ஆகியவற்றோடு, மேல்மூடி வெட்டிய 15 கிலோ வனஸ்பதி டின்கள் இரண்டு வந்தன. இரண்டிலும் கேசட்டுகள். எண்ணிப் பார்த்தால் 163. பாதிக்கு மேல் கம்பெனிக் கேசட்டுகள். மற்றவை ரிக்கார்டிங் சென்டரில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியவை. அட்டைகளில் அப்பாவின் கையெழுத்தில் படப் பெயரும் பாட்டின் வரிசையும் இருந்தன.

ஒரு காலத்தில் இவையெல்லாம் கல்லாப்பெட்டிக்கு மேல் தட்டில் அடுக்கியிருந்தவை. விடிகாலையில் கடை திறந்து, வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டும்போது சீர்காழி கோவிந்தராஜன் பாடிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமையானால் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். அதே தட்டில் நாகூர் ஹனிபாவும் இருப்பார். வாங்க வருகிறவர்களில் எல்லோரும் உண்டு, கேட்கிறவர்களிலும் எல்லோரும் உண்டு. மதியம் கூட்டம் ஓய்ந்தபின் சினிமாப் பாட்டு. வத்தல் தூசியும் மாவுத் தூசியும் படிந்து டேப் ரிக்கார்டரின் ஹெட் வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது எங்கள் தம்பியின் வேலை.

அன்றைக்கு அந்த டேப் ரிக்கார்டர் ஓடவில்லை. உள்ளே ரப்பர் பெல்ட் உருகிப் பிசினாகியிருந்தது. மகள்தான் செல்போனை எடுத்து, கேசட் அட்டையில் இருந்த படப் பெயரை வாயால் சொன்னாள். 'கல்யாணப் பரிசு' என்று சொன்ன மாத்திரத்தில் 1959-ஆம் ஆண்டுப் படத்தின் பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன. ஏ.எம். ராஜா இசையமைத்துப் பாடியவை, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை. அதே 1959-இல் 29-ஆவது வயதில் பட்டுக்கோட்டையார் மறைந்தார் என்பதையும் அன்றிரவுதான் மகளுக்குச் சொன்னோம். பரண் வேலை அப்படியே நின்றது. ஒரு அட்டையை எடுப்பதும், பெயரைச் சொல்வதும், கேட்பதுமாக நள்ளிரவு தாண்டிவிட்டது.

கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது. இந்தப் பாட்டுகளை நாங்கள் முழுதாகக் கேட்டதே இல்லை. கடை இரைச்சலில், தேய்ந்த நாடாவில், ஒற்றை ஸ்பீக்கரில் காதில் விழுந்தது பாட்டின் மேல்தோல் மட்டும்தான். விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டுகளில் அடியில் ஓடும் பாங்கோஸ் தாளமும் கனத்த தந்தியின் ஒலியும் இப்போதுதான் தெளிவாகக் கேட்டன. இன்னொரு வேடிக்கை. எங்கள் கேசட்டில் ஒரு பாட்டு சரணத்தின் நடுவே இரண்டு விநாடி அமுங்கி மறுபடி எழும். அது நாடாவின் குறை. முப்பது ஆண்டுகளாக அதுதான் பாட்டு என்று நினைத்திருந்தோம். செல்போனில் அந்த இடம் அமுங்காமல் போனபோது, எதையோ விட்டுவிட்டுப் பாடுகிறார்கள் என்றே தோன்றியது. ஒரு பாட்டு முடிந்ததும் கேசட் வரிசைப்படி அடுத்த பாட்டை மனம் எதிர்பார்க்கிறது. செல்போன் வேறு எதையோ போடுகிறது.

இலங்கை வானொலியில் கேட்டு, படப் பெயரே தெரியாமல் போன பாட்டுகள் நம் தலைமுறைக்கு எத்தனையோ உண்டு. பல்லவியில் நினைவிருக்கும் நான்கு சொற்களைச் சொன்னால் அவையும் கிடைக்கின்றன. ரிக்கார்டிங் சென்டரில் 60 நிமிடக் கேசட்டில் 13, 14 பாட்டுதான் அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு வாரம் யோசித்துச் சிட்டை எழுதுவோம். இன்று அந்தக் கவலை இல்லை. இதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அந்த ஓர் இரவு மட்டுமே சந்தாப் பணத்துக்குச் சரியாகப் போயிற்று.

குறை இல்லாமலும் இல்லை. டி.எம். சௌந்தரராஜன் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகப் போட்டிருப்பதால் ஒரே மனிதர் நாலு பேராகப் பிரிந்து கிடக்கிறார். நம் பேரேட்டில் ஒரே வாடிக்கையாளரை நாலு பக்கத்தில் எழுதினால் பாக்கி எப்படி வசூலாகும்? பாடலாசிரியர் பெயர் பல பாட்டுகளுக்குக் காணோம். வேறு யாரோ பாடிய நகலும் அதே படப் பெயரில் வந்து நிற்கிறது. அப்பாவின் அட்டையில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என மூன்றும் இருந்தன.

மறுநாள் காலையில்தான் அந்தத் தவறு நடந்தது. எல்லாம் செல்போனில் இருக்கும்போது இந்தக் குப்பை எதற்கு என்று எங்களுக்குத் தோன்றியது. அம்மா கோயிலிலிருந்து வருவதற்குள், தெருவில் வந்த பழைய சாமான் வண்டிக்காரரிடம் ஒரு டின்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். 90 கேசட்டுகள். எடை போட்டுக் காசு கொடுத்தார், வாங்கிக்கொண்டோம்.

அம்மா வந்து கேட்டது ஒரே கேள்விதான். "அப்பா ஸ்டாக் எடுத்த கேசட் எங்கேடா?"

1987-ஆம் ஆண்டு மார்ச் 31 இரவு. ஆண்டுக் கணக்கு முடிக்க அப்பா சரக்கு இருப்பை ஒவ்வொன்றாகச் சொல்ல, சித்தப்பா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பையனாக இருந்த தம்பி விளையாட்டாக ரிக்கார்டு பட்டனை அழுத்திவிட்டான். துவரை நாலு மூட்டை, உளுந்து இரண்டரை, மண்டை வெல்லம் ஆறு சிப்பம் என்று அப்பாவின் குரல் கால் மணி நேரத்துக்கு மேல் அதில் ஓடும். நடுவில் புளி மூட்டையை எலி கடித்திருப்பதைப் பார்த்து ஒரு திட்டு, பிறகு மறுபடி கணக்கு. அப்பா 1996-இல் காலமானார். போட்டோ இருக்கிறது. குரல் இருந்தது அந்த ஒன்றில்தான். கம்பெனிக் கேசட்டின் மேல்விளிம்பில் அழிக்காமலிருக்க உடைத்த பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டி, பி பக்கத்தில் பதிவு செய்தது. வெளியே பார்த்தால் சீர்காழியின் பக்திப் பாடல் கேசட். சீர்காழிதான் செல்போனில் இருக்கிறாரே என்று அதையும் போட்டுவிட்டோம்.

அன்று மாலையே பழைய சாமான் கடைக்குப் போனோம். பிளாஸ்டிக் லோடு பகலிலேயே ஏறிவிட்டது என்றார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை. சரக்கை வாங்கினால் உடனே தள்ளிவிடுவதுதான் அவர்கள் தொழிலுக்கு அழகு. இருப்பைப் பார்க்காமல் கொடுத்தவர்கள் நாங்கள். கடையில் ஒரு சிப்பத்தைப் பிரித்துப் பார்க்காமல் வெளியே அனுப்புவோமா?

ஆகவே நண்பர்களுக்கு எங்கள் கருத்து இதுதான். கம்பெனி ஆயிரக்கணக்கில் அச்சடித்த சரக்கு எங்கும் கிடைக்கும், அதை விடலாம். உங்கள் வீட்டிலும் கடையிலும் மட்டும் உண்டான சரக்கு வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. இரண்டையும் ஒரே டின்னில் போட்டு ஒரே விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். கையெழுத்து அட்டை, அட்டையே இல்லாதது, மேல்விளிம்பில் செல்லோடேப் ஒட்டியது ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கும் வரை தொடவே வேண்டாம். கம்பெனிக் கேசட்டிலும் சிறு ஊர்களில் வெளியான கோயில் பாட்டு, நாடகம், பட்டிமன்றம், வில்லுப்பாட்டு போன்றவற்றில் பல செல்போனில் இல்லை. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, இருந்தால் மட்டும் விடுங்கள். விடும்போதும் போகித் தீயில் போடாதீர்கள். நாடாவும் பெட்டியும் பிளாஸ்டிக். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும்.

செல்போனில் இருப்பது நம்முடையது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். அது வாடகைக் கடை. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவில் தொடங்கியது. ஏப்ரலிலேயே சரிகம நிறுவனத்துடனான உரிமத் தகராறு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த நிறுவனத்தின் பாட்டுகளெல்லாம் எடுக்கப்பட்டன. அன்றைய எச்.எம்.வி. கம்பெனிதான் இன்றைய சரிகம. நம் காலத்துப் பழைய பாட்டில் பெரும்பகுதி அவர்களுடையது. 2020 மே மாதம் உடன்பாடு ஏற்பட்ட பிறகே அவை திரும்பி வந்தன. ரெஸ்ஸோ என்ற செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. விங்க் அதே ஆண்டில் மூடப்பட்டது. அவற்றில் வரிசை வரிசையாகப் பாட்டுச் சேர்த்து வைத்திருந்தவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. டவுன்லோட் செய்துவிட்டோமே என்பார்கள். அந்தப் பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டும்தான் ஓடும், சந்தா நின்றால் அதுவும் நிற்கும். கடைக்காரருக்கு இதைப் புரிய வைக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் நாம் போட்ட அலமாரியைக்கூடக் கழற்ற அவகாசம் கிடைக்காத கதைகள் நம் சங்கத்தில் எத்தனை! உயிருக்கு உயிரான பத்துப் பாட்டை விலை கொடுத்து வாங்கிய தட்டாகவோ கேசட்டாகவோ சொந்தமாக வைத்துக்கொள்வது பழமை அல்ல, முன்ஜாக்கிரதை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுச் சந்தாவைக் கடையில் போட்டு ஸ்பீக்கரில் விடும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்பது நிபந்தனை. வாடிக்கையாளர் கேட்கும்படி கடையில் பாட்டுப் போடுவதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். பி.பி.எல்., ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்புகள் அதைத் தருகின்றன. பழைய பாட்டுத்தானே என்பது பதிலாகாது. ஒலிப்பதிவின் உரிமை வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் வரை நிற்கும். நோட்டீஸ் வந்தபின் சங்கத்துக்கு ஓடி வருவதைவிட, இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. எங்கள் பஜாரில் ரிக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர் நம்மைப் போல ஒரு சிறு வணிகர். எந்தப் படத்தில் எந்தப் பாட்டு, அது எந்தத் தட்டின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கேசட் போய் எம்.பி.3 தட்டு வந்தபோது நூறு பாட்டை ஒரே தட்டில் ஏற்றிக் கொடுத்தார். அது போய் மெமரி கார்டு வந்தபோது அதிலும் ஏற்றிக் கொடுத்தார். 2016-க்குப் பிறகு இண்டர்நெட் மலிவானதும் அவரிடம் கேட்க யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. இப்போது செல்போன் கவர் விற்கிறார். ஆன்லைனில் மளிகை விற்கிறார்களே என்று மேடை போட்டுப் பேசும் நாம், பாட்டு விஷயத்தில் அவருடைய கடையைத் தாண்டித்தான் ஆன்லைனுக்குப் போனோம். நாங்களும்தான். இதற்கு எங்களிடம் சமாதானம் இல்லை.

ஆனால் மிஞ்சிய டின்னைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனது அவரிடம்தான். 73 கேசட்டுகள். பழைய பிளேயர் ஒன்றுக்குப் புது பெல்ட் போட்டு, ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்கு இழுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிவு செய்யக் காட்டிக் கொடுத்தார். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகத்தான் செய்யும், அவசரப்படுத்த வழியில்லை. பல ஆண்டு கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதனால் ஓட விடும்முன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்ற வேண்டும். நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியே வைத்துவிட வேண்டும். போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பதிவு செய்ததை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். கணக்குப் புத்தகத்துக்கு நகல் வைப்பதுபோல.

73-இல் ஒன்பது எங்கள் சொந்தப் பதிவு. 1984-இல் அத்தை கல்யாணத்தின் நாதஸ்வரம், பந்திக்கு இலை போதவில்லை என்று யாரோ போடும் சத்தத்தோடு. பாட்டி பாடிய தாலாட்டு, பாதிதான் இருக்கிறது. மீதியின் மேல் தம்பி ஒரு சினிமாப் பாட்டைப் பதிவு செய்துவிட்டான். ரேடியோவிலிருந்து பிடித்த ஒரு கேசட்டின் முடிவில், பாட்டு நின்றபின், "நிறுத்துடா, ஆள் வருது" என்று ஒரு குரல். மூன்று சொல். அம்மா அதை மறுபடி போடச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கேசட் என்று கேட்டு வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார்.

இப்போது பரணும் காலி. அந்த இடத்தில் வெயிலுக்கான தண்ணீர்க் குடங்களை ஏற்றியிருக்கிறோம். செல்போனில் தினமும் காலையில் வீட்டில் சீர்காழி பாடுகிறார், தூசி இல்லாமல்.

முடிக்குமுன் சங்கத்துக்கு ஒரு யோசனை. மே 5 வணிகர் தின மாநாடுகளில் பேசிய பேச்சுகள், நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழா நிகழ்ச்சிகள், காலமான தலைவர்களின் குரல்கள் எல்லாம் பழைய நிர்வாகிகள் வீட்டு அலமாரிகளில் கேசட்டாகக் கிடக்கின்றன. எந்தச் செயலியிலும் இவை வரப்போவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டு, உறுப்பினர்கள் தத்தம் கேசட்டுகளைக் கொண்டுவந்து பதிவு செய்துகொள்ள ஏற்பாடு செய்யலாம். ரிக்கார்டிங் சென்டர்காரருக்கு அந்த மாலைக்கு ஒரு கூலி நிர்ணயித்துச் சங்க நிதியிலிருந்து கொடுக்க வேண்டும், சும்மா வரச் சொல்லக் கூடாது. கணினி சங்கத்திலேயே இருக்கிறது. பிளேயரை நாங்கள் தருகிறோம். எஜெக்ட் பட்டன் மட்டும் கொஞ்சம் கடினம், பெருவிரலால் அழுத்த வேண்டும்.